மூன்றாவது ஹாலைக் காலி செய்தோம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்த வேலையை என் தலையில் கட்டிய அன்று எங்கள் மேலாளர் முதலில் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசிப் பழகிய தமிழை எங்களிடம் எப்போதாவதுதான் எடுப்பார், அதுவும் கஷ்டமான விஷயம் சொல்ல வேண்டியிருந்தால். ஆகவே அவர் "பிள்ளை" என்று ஆரம்பித்ததுமே நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"பிள்ளை, கரண்ட் பில்லைப் பார்த்தா எனக்கு நித்திரை வருகுதில்லை. மூண்டு ஹாலும் அரைகுறையா ஓடுது. எல்லாத்தையும் ரெண்டு ஹாலுக்குள்ள அடக்க ஏலுமோ, பாரும்."

நான் வேலை செய்வது ஜோகூரில் கூலாயைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு டேட்டா சென்டரில். வெளியே பார்த்தால் ஜன்னலே இல்லாத பெரிய கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே மூன்று ஹால், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக சர்வர் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஒரு கணினி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ஒரு பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும். நாங்கள் அவற்றை வி.எம். என்போம். எந்த வி.எம். எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் சர்வர் பெட்டி ஒரு சோம்பேறி ஜென்மம். சும்மா இருந்தாலும் முக்கால்வாசி உழைக்கிற மாதிரி கரண்டைக் குடிக்கும். குடித்ததையெல்லாம் சூடாகக் கக்கும். அந்தச் சூட்டை ஆற்ற சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரம் ஓட வேண்டும், அதற்குத் தனிக் கரண்ட். ஆள் குறைந்த மூன்று பஸ்ஸை ஓட்டுவதற்குப் பதில் எல்லாரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு மூன்றாவதை நிறுத்துவது மாதிரிதான் இதுவும். இடித்துப் பிடித்து ஏற்றிவிடவும் முடியாது. ஒரு பெட்டி படுத்துவிட்டால் அதிலிருப்பவை ஏறிக்கொள்ள வேறொன்றில் இடம் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்த இரண்டை ஒரே பெட்டியில் போடக் கூடாது. பகலில் உழைப்பதையும் இரவில் உழைப்பதையும் சேர்த்துப் போட்டால் அடித்துக்கொள்ளாமல் இருக்கும். இதை நான் ஒரு தடவை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "நீ பகல் ஷிஃப்ட், நான் நைட் ஷிஃப்ட் வந்தா நம்மளும் அப்படித்தான், சண்டையே வராது" என்றார்.

அவரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். மூன்றாவது ஹாலின் குளிரூட்டும் பிரிவு. எங்கள் இடத்தில் ஒவ்வொரு ஹாலுக்கும் தனி சில்லர், தனி கான்டிராக்ட், தனி ஆட்கள். ஹால் ஓடினால் அந்த ஆட்களுக்கு வேலை. ஹால் நின்றால் இல்லை. இதில் மறைத்துப் பேச ஒன்றுமில்லை. மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தபோதே எனக்கு இது தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த வேலை போனால் என்ன, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். எங்கள் வீட்டுக் கதை தெரிந்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஏர்கான் பராமரிப்பு. விடியும் முன்னால் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், சிங்கப்பூர் பாலத்தில் அந்த ஜாமில் நின்று, கஸ்டம் சோதனை தாண்டி, மறுபடி அதே ஜாமில் திரும்பி வருவார். அவர் போகும்போதும் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், வரும்போதும் தூங்கிவிட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் மிச்சம், அதிலும் பாதி நேரம் ஓவர்டைம். எங்களுக்கு ஒரே பெண். அவள் பேச ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் மூவரும் கூலாயில் சாமான் வாங்கப் போனோம். கூட்டத்தில் அவள் என்னைத் தவறவிட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அவரை நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், எங்கம்மா எங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார், நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். வெளியே வந்து மோட்டரில் உட்கார்ந்தவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பவே இல்லை. என்னாச்சு என்று கேட்டேன். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தார். அந்த வருடமே சிங்கப்பூரை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இந்த டேட்டா சென்டர் கான்டிராக்டில் சேர்ந்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நான்தான் வெளியாள் போல ஆகிப்போனேன். தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது அவர், வழியில் நாசி லெமாக் சோறு வாங்கித் தருவது அவர், கதை கேட்பது அவர். பள்ளியில் யார் யாரோடு பேசவில்லை, எந்த டீச்சர் எந்தக் கலர் சேலை கட்டினார், எல்லாம் அவரிடம்தான் போகும். நான் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அப்பா பிள்ளை இரண்டும் சேர்ந்து என் கோபத்தை நடித்துக் காட்டிச் சிரிக்கும். அடங்காப்பிடாரிகள்! நான் விரட்டிக்கொண்டு போவேன். அந்த மாதிரி சாயங்காலங்கள் எங்களுக்கு நிறையக் கிடைத்தன. மூன்றாவது ஹால் மூடினால் போகப்போவது அதுதான்.

கணக்குப் போட உட்கார்ந்தேன். மூன்றாவது ஹாலில் இருந்தது பழைய சில்லர், கரண்டை அதிகம் தின்றதும் அதுதான். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் முதலில் காலியாக வேண்டியது அது என்றே வந்தது. இருந்தும் இரண்டாவது ஹாலைக் காலி செய்தால் எப்படி என்று இன்னொரு திட்டமும் போட்டேன். அதிலும் மிச்சம் வந்தது, கொஞ்சம் குறைவாக. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். மென்று விழுங்கிப் பேச எனக்கு வராது. "சார், மூணாவது ஹால்ல என் வீட்டுக்காரர் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது திட்டத்தையும் பாருங்க. பெரிய வித்தியாசம் இல்ல" என்றேன்.

அவர் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீர் ஒளிக்காமச் சொன்னது நல்லது. ஆனா ரெண்டாவது ஹாலிலயும் ஆக்கள்தானே வேலை செய்யினம்."

அந்த ஹால் ஆட்களையும் எனக்குத் தெரியும். அதில் ஒருவரின் மனைவி அப்போதுதான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், நாங்களெல்லாம் சேர்ந்து சின்னத் துணிகள் வாங்கிக் கொடுத்திருந்தோம். என் புருஷன் வேலைக்குப் பதிலாக அவன் வேலையை எடு என்று நான் எந்த வாயால் கேட்பது? ஆனால் கேட்டுத்தானே இருந்தேன், காகிதத்தில் எழுதிக் கேட்டிருந்தேன். மேலாளர் முதல் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் பல நாள் தேடினேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை முன்னறையில் வீட்டுப்பாடம். நான் கையைக்கூடக் கழுவாமல் நேரே அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"எங்க ஹாலா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். தீயைக் குறைத்தார். "எப்ப?"

"ஆயுத பூஜைக்குள்ள முடிக்கணுமாம்."

"சரி. பாப்பாகிட்ட இப்ப சொல்லாத."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க நீங்க! ஒரு வார்த்தை திட்டக்கூடத் தெரியாதா உங்களுக்கு? உங்க வேலைய நான்தான் காலி பண்றேன்!"

"உன்னத் திட்டி என்னா ஆகப்போவுது லா? நீயா கரண்ட் பில்லு போடுற? தட்ட எடு, மீன் ஆறிடும்."

திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். அவர் முள் எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் ஊட்டிவிடும் வயதைத் தாண்டி எவ்வளவோ காலமாகியிருந்தது.

வி.எம்.களை இடம் மாற்றுவதில் ஒரு தனி விஷயம் உண்டு. அவற்றை நிறுத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். எங்கேயோ ஒருவர் துணிக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருப்பார், ஒருவர் டிக்கெட் எடுத்துக்கொண்டிருப்பார். அவர்களுக்காக உழைக்கும் கணினி ஹால் விட்டு ஹால் போயிருக்கும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் போன் போட்டுக் கத்தவில்லை என்றால் நாங்கள் நன்றாக வேலை செய்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த முறை ஒருவர்கூடக் கத்தவில்லை.

ஆனால் ஹாலில் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வரிசை காலியானதும் அங்கே சூடு குறையும். குளிரை அப்படியே விட்டால் வீண், சட்டென்று குறைத்தால் பக்கத்து வரிசை கொதித்துவிடும். ஆகவே நான் ஒரு வரிசையைக் காலி செய்து பெட்டிகளை அணைத்ததும் ஹாலுக்கு போன் செய்ய வேண்டும். குளிரூட்டும் ஆள் காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்த வரிசை. போனை எடுத்தவர் என் வீட்டுக்காரர்.

"வரிசை அணைச்சாச்சு."

"குறைச்சாச்சு. சூடு சரியா இருக்கு. அடுத்தது போலாம்."

பகல் முழுக்க இதே பேச்சு. எங்களுக்குள் ஒரு முறைகூடக் குழப்பம் வரவில்லை. வீட்டில் ஒரு அலமாரியை நகர்த்துவதென்றால்கூட நான் ஒரு பக்கம் இழுப்பேன், அவர் ஒரு பக்கம் தள்ளுவார், கடைசியில் நான் கத்துவேன். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எந்த வேலையும் செய்ததில்லை. கடைசி வரிசைக்கு மட்டும் அணைக்கும் முன்பே போன் செய்துவிட்டு, பட்டியலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்கியா?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன். "சரி, அணை" என்றார்.

ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் அதை நடத்துவது குளிரூட்டும் ஆட்கள்தான். ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்தி முற்றி, சில்லர் பேனலுக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். அலமாக்! எங்கள் ஹாலில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவிகள் உண்டு, ஒரு கொசுவர்த்திக்கே ஊரைக் கூட்டும். சைரன் அலறியது, எல்லாரையும் வெளியே விரட்டினார்கள், மேலாளர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். அதிலிருந்து உள்ளே பேட்டரி விளக்குதான். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு சரி. பூசணிக்காய் உடைப்பது கார் நிறுத்துமிடத்தில்.

ஒரு குறை மட்டும் அவர்களுக்கு எப்போதும் உண்டு. ஆயுத பூஜை அன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் இல்லையா? கத்தி, கத்தரிக்கோல்கூடச் சாமிக்கு முன்னால் சும்மா கிடக்கும். லாரிக்காரன் வண்டியை நிறுத்திப் பொட்டு வைப்பான். டேட்டா சென்டரை எப்படி நிறுத்துவது? அவர்கள் ஓடுகிற சில்லருக்கே பொட்டு வைப்பார்கள். அது அதிர்கிற அதிர்வில் சந்தனம் வழிந்து குங்குமத்தோடு கலந்துவிடும். "இதுக்கு மட்டும் லீவே கெடையாது, பாவம்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள்.

அந்த வருடம் மூன்றாவது ஹாலில் எல்லாம் நின்றிருந்தது. பூஜைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் என்ன முகத்தோடு அவர்களைப் பார்ப்பது என்று போனேன். அந்த ஹாலில் நாங்கள் எப்போதும் கத்தித்தான் பேசுவோம், அவ்வளவு இரைச்சல். அன்று செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. ஒருவர் வழக்கம்போலக் கத்திப் பேச ஆரம்பித்து, தன் குரல் கேட்டுத் தானே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் சில்லர் பேனலைத் துணியால் துடைத்து, சந்தனம் இட்டு, அதன் நடுவே குங்குமம் வைத்தார். அது அப்படியே நின்றது. வழியவே இல்லை.

"இந்த வருஷம்தான்டா முறையா செஞ்சிருக்கோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

யாரும் சிரிக்கவில்லை. சுண்டல் பொட்டலத்தை என் கையில் கொடுத்தபோது அந்த மூத்தவர், "நீ மனசுல வெச்சிக்காதம்மா, வேலைன்னா வேலைதான்" என்றார். நான் அங்கேயே, பேட்டரி விளக்குக்கு முன்னால், எல்லாரும் பார்க்க அழுதேன்.

அந்த மாதக் கடைசியோடு கான்டிராக்ட் முடிந்தது. கோலாலம்பூர் பக்கம் சைபர்ஜெயாவில் இடம் இருக்கிறது, விரும்பினால் போகலாம் என்றார்கள். ஒருவர் போனார். எங்களால் முடியவில்லை. பக்கத்து ஊர் லாயாங் லாயாங்கில் என் மாமியார் முழங்கால் வலியோடு தனியாக இருக்கிறார், இவர் வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தாக வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள்: "ஜோகூர் முழுக்க டேட்டா சென்டரா கட்டுறான், அதுல ஒரு வேலை கெடைக்காதா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டுகிறார்கள்தான். பண்டார் தெங்காரா பக்கம் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு கிரேன் நிற்கிறது. ஆனால் புது இடங்களில் புது மாதிரி குளிரூட்டல், அதற்கென்று சான்றிதழ் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள். இவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக் கடன் காத்திருக்காது. பழைய சிங்கப்பூர் முதலாளிதான் கூப்பிட்டார்.

இதற்கு நடுவில் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கரண்ட் பில் இறங்கிவிட்டதாம். மேலிடத்திலிருந்து என் பெயர் போட்டுப் பாராட்டுக் கடிதம். மேலாளர் கைகொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேக்கைத் தின்றேன். அது நன்றாகவே இருந்தது, எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் இரண்டு பேருமாகப் பாலம் தாண்ட வேண்டியதுதான்.

மறுபடி சிங்கப்பூருக்குப் போகப்போவதைப் பிள்ளையிடம் என் வீட்டுக்காரரேதான் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். முதல் வாரம் விடியும் முன்பே தானாக எழுந்து வந்து வாசலில் நின்றாள், அவர் மோட்டர் முனை திரும்பும் வரை. பிறகு பள்ளியில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொன்னார். எழுந்திருக்க வேண்டாம் என்று நாங்கள்தான் தடுத்தோம். அவருக்காக ஒரு நாள் முழுவதும் சேர்த்துவைத்த கதைகளை முதலில் என்னிடம் சொல்லப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே உம் கொட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு யாரிடமும் சொல்வதில்லை. "பள்ளியில என்னா நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." இப்போது அவரிடமும் அதே பதில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்து மிக்சியை அணைத்தாள். "ம்மா, அப்பா தூங்குறாங்க" என்றாள், ரகசியமாக. அவருக்கு விழிப்பு வந்துவிட்டது போல. கதவைத் திறந்துகொண்டு வந்தார், கண் சிவந்து, ஒரு பக்கக் கன்னத்தில் பாய்த் தடம். "பாப்பா, சட்டைய மாத்து. கடைக்குப் போய் ஐஸ் கச்சாங் சாப்புட்டு வருவோம்" என்றார்.

முன்பென்றால் அவர் சொல்லி முடிக்கும் முன் மோட்டர் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள். இப்போது அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தக் குரலில், மரியாதையாக, சிரித்த முகத்தோடு பேசினாள்.

"பரவால்லப்பா. உங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கு இல்ல? நீங்க தூங்குங்க. நான் சத்தம் போட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு எப்போதும் வரும் கோபம் அன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பிள்ளை அவர் பின்னாலேயே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.